கிளிநொச்சியில் ஒரு மெயின்பிரேம் கூடம்: திறந்த பணிசெயல் முறைமைகளை இயக்கிப் பார்த்த பதிவு

கிளிநொச்சியில் ஏ9 வீதியை அண்டி நாங்கள் நடத்தும் சிறிய கணினிக் கூடத்தில், உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு மெயின்பிரேம் கணினியின் வேலைமுறையைக் கற்பிக்க வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். பெரிய வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், விமானப் பயண முற்பதிவு நிலையங்கள் ஆகியவற்றின் அன்றாடக் கணக்குகளில் பெரும்பகுதி இன்றும் இந்த இயந்திரங்களில்தான் நடக்கிறது. அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமும் இயங்கும் காலத்தில், அவற்றுக்குப் போகக் கிடைக்காத ஒரு பிள்ளை பரந்தனிலோ விசுவமடுவிலோ இருந்துகொண்டே இந்தத் துறைக்குள் நுழைய ஒரு வாசல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், இலவசமாகவும் சட்டப்படியும் இயக்கக்கூடிய மெயின்பிரேம் பணிசெயல் முறைமைகளை ஒவ்வொன்றாக நிறுவிச் சோதித்தேன். அந்தச் சோதனையின் பதிவு இது.

உண்மையான இயந்திரம் இங்கே வரப்போவதில்லை. அது தேவையும் இல்லை. ரோஜர் பௌலர் என்பவர் 1999இல் தொடங்கிய ஹெர்குலிஸ் என்னும் மென்பொருள், ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/370 முதல் அதன் இன்றைய மெயின்பிரேம்களான 64 பிட் இசட் கட்டமைப்பு வரை உள்ள இயந்திரங்களைச் சாதாரணக் கணினிக்குள் போலச்செய்து காட்டுகிறது. கியூஎமு என்னும் மற்றொரு மென்பொருளும் இசட் இயந்திரத்தைப் போலச்செய்யும். ஆனால் அதனால் லினக்ஸை மட்டுமே பயன்படும் விதத்தில் இயக்க முடிகிறது. இரண்டையும் பயன்படுத்தினேன். எங்களிடம் இருந்தது 4 ஜிபி நினைவகம் கொண்ட, பழைய, திருத்தியெடுத்த மேசைக் கணினி ஒன்றும், ஒரு ராஸ்பெரி பை பலகையும், பிள்ளைகள் பயன்படுத்தும் சில பழைய மடிக்கணினிகளும்தான். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் களஞ்சியத்தில் கிடைக்கும் ஹெர்குலிஸ் 3.13 மிகப் பழையது. புதிய லினக்ஸ் கேட்கும் கட்டளைகள் பல அதில் இல்லை. எனவே ஹைப்பீரியன் என்ற பெயரில் தொடர்ந்து வளர்க்கப்படும் 4 வரிசைப் பதிப்பை மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொண்டேன். இந்த வேலையைச் செய்ய விரும்புவோர் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

உரிமம் பற்றி முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். ஐபிஎம்மின் இன்றைய இசட்/ஓஎஸ் முறைமையை உரிமம் இல்லாமல் ஹெர்குலிஸில் இயக்குவது சட்டத்துக்குப் புறம்பானது. இணையத்தில் அதன் படிமங்கள் கைமாறுகின்றன என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்; ஒரு கற்றல் கூடத்துக்குள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது எனது உறுதியான நிலைப்பாடு. தொழிலுக்குள் நுழையும் பிள்ளை முதலில் கற்க வேண்டியது அடுத்தவரின் உரிமையை மதிப்பதைத்தான். இசட்/ஓஎஸ் பழக விரும்புவோருக்கு ஐபிஎம்மே இசட் எக்ஸ்புளோர் என்ற பெயரில் இலவசக் கற்றல் கணக்குத் தருகிறது. அது நல்ல வழி. ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள்தான். முறைமையை நிறுத்தவோ உடைக்கவோ திருத்தியெடுக்கவோ நமக்கு அனுமதி கிடையாது, இணைப்பு இல்லாத நேரத்தில் வகுப்பும் இல்லை. எங்கள் கூடத்திலேயே, எங்கள் கையில், அடிவரை திறந்து பார்க்கக்கூடியதாக இருப்பது எது என்பதே என் தேடல்.

அந்த வகையில் எஞ்சியவை இரண்டு இனம். ஒன்று, ஐபிஎம் 1970களில் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் மூலநிரலோடு வழங்கிய எம்விஎஸ் 3.8ஜே, விஎம்/370 ஆகிய பழைய முறைமைகள். இவை இன்று நாம் திறந்த மூலம் என்று சொல்லும் உரிமங்களின் கீழ் வந்தவை அல்ல. ஆயினும் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மற்றையது, எஸ்390எக்ஸ் எனப்படும் லினக்ஸ். லினக்ஸை மெயின்பிரேமில் இயக்குவதற்கான நிரல்களை ஐபிஎம் 1999 டிசம்பரில் வெளியிட்டது. இன்று டெபியன், பெடோரா, உபுண்டு, ஓப்பன்சூசே, அல்பைன், அல்மா எனப் பல விநியோகங்கள் இந்த இயந்திரத்துக்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த எம்டிஎஸ் முறைமையையும் ஏற்றிப் பார்த்தேன். அழகான முறைமை, ஆனால் அதைக் கற்றவருக்கு வெளியே அதைப் பயன்படுத்த இடம் இல்லை என்பதால் மேலே தொடரவில்லை.

எம்விஎஸ் 3.8ஜேயைத் தனியாக நிறுவ முயல்வது பெரிய வேலை. யூர்கன் விங்கெல்மன் தொகுத்த டிகே4 பொதியில் முறைமை, வட்டுப் படிமங்கள், செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான்கள், ஹெர்குலிஸ் எல்லாம் ஒன்றாக வருகின்றன. ராஸ்பெரி பைக்கு வேண்டிய ஹெர்குலிஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. விரித்து இயக்கினால் சிறிது நேரத்தில் முனையத்தில் உள்நுழையும் திரை வந்துவிடுகிறது. அந்த முறைமை தன் ஒவ்வொரு முகவரி வெளிக்கும் எடுத்துக்கொள்ளக்கூடியது 16 எம்பி மட்டுமே, ஏனெனில் அதன் முகவரிகள் 24 பிட். அதனால் எங்கள் பழைய கணினிக்கு அது ஒரு சுமையாகவே தெரியவில்லை. பிள்ளைகளின் மடிக்கணினிகளில், மெயின்பிரேமோடு பேசும் திரையும் விசைப்பலகையுமான 3270 முனையத்தைப் போலச்செய்யும் சி3270 என்ற சிறு மென்பொருளை மட்டும் போட்டு, ஒரு சாதாரண வலையமைப்புச் சுவிட்ச் மூலம் இணைத்தேன்.

3270 முனையம் அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. அழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் உடனே கணினிக்குப் போவதில்லை. திரை முழுவதையும் நிரப்பி என்டர் அழுத்தும்போதுதான் மொத்தமாகப் போகிறது, பதில் வரும்வரை விசைப்பலகை பூட்டிக்கிடக்கிறது. ஆயிரக்கணக்கான முனையங்களை ஓர் இயந்திரம் தாங்கியது எப்படி என்ற கேள்விக்கு விரிவுரை இல்லாமலே அங்கே விடை கிடைத்தது.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது எங்கள் ஊருக்குத் தெரிந்த கணக்கு: இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக அறுவடையில் ஒரு களஞ்சியம் வாங்கும் நெல்லின் பதிவு. காணி இலக்கம், பெயர், ஊர், மூடைகள், நிறை ஆகியவற்றை 80 நெடுவரிசை கொண்ட அட்டை வடிவில் எழுதி, வணிகக் கணக்குகளுக்கான கோபோல் மொழியில் எழுதிய செய்நிரல் ஒன்றால் ஊர்வாரியாகக் கூட்ட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த முறைமையோடு வரும் ஐபிஎம் கோபோல் தொகுப்பான் 1968ஆம் ஆண்டு நியமத்தைச் சேர்ந்தது. 1985ஆம் ஆண்டு நியமத்தில் வந்த என்ட்-இஃப், இவலுவேட் போன்றவற்றை அது ஏற்காது. இணையத்திலுள்ள பாடங்களைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்யும் பிள்ளைக்கு பிழைச் செய்திகள் பக்கம் பக்கமாக வரும். இதைக் குறை என்று எழுதி வைத்தேன். ஆனால் பழைய நிரல்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு முற்றுப்புள்ளியால் முடியும் அந்த வாக்கிய அமைப்பு எப்படியும் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

விசுவமடுவிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் வேலை எஸ்0சி7 என்ற பிழைக் குறியீட்டோடு பாதியில் நின்றது. “சேர், நான் ஒண்டும் பிழையா அடிக்கேல்லை. ஒரு ஆளின்ரை மூடைக் கணக்குத் தெரியாது எண்டு அந்த இடத்தை வெறுமையா விட்டனான், அவ்வளவுதான்” என்றாள். “அந்த வெறுமைதான் பிள்ளை அது” என்று சொல்லி, வேலை நின்ற கணத்தில் நினைவகத்தில் இருந்ததை அச்சிட்ட நினைவகப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் வரி வரியாகத் தேடினோம். எப்சிடிக் எழுத்துக் குறிமுறையில் வெற்றிடத்தின் மதிப்பு பதினறும எண்ணில் 40. கணக்குச் செய்வதற்காக இயந்திரம் அந்த எண்ணைப் பொதி தசம வடிவுக்கு மாற்றும்போது கடைசி பைட்டின் இரு பாதிகளும் இடம் மாறி 04 ஆகின்றன. நேரா மறையா என்று காட்டும் குறி நிற்க வேண்டிய இடத்தில் 4 என்ற இலக்கம் வந்து உட்காருகிறது. அந்த இடத்தில் இலக்கம் வர முடியாது என்பது வன்பொருளிலேயே எழுதப்பட்ட விதி. கூட்டல் கட்டளை அதைக் கண்டதும் மறுக்கிறது. முறைமை வேலையை நிறுத்துகிறது. அதே செய்நிரலை, அதே தரவோடு, லினக்ஸில் க்னூகோபோல் கொண்டு வழக்கமான முறையில் தொகுத்து ஓட்டியபோது அது எங்கும் நிற்காமல் முடிந்து, ஒரு மொத்தத்தையும் அச்சிட்டுத் தந்தது. சோதனைத் தெரிவைச் சேர்த்துத் தொகுத்தால்தான் அங்கே நிற்கும். எந்த முறைமை கற்பிக்கும் என்று எவரும் என்னைக் கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு வெளியீட்டுத் தாள்களையும்தான்.

மின்தடை இங்கே ஒதுக்கிவிடக்கூடிய விடயம் அல்ல. மாரி தொடங்கும் காலத்து இடிமின்னலில் எந்த நேரமும் மின் போகலாம், எங்களிடம் உள்ள சிறிய யூபிஎஸ் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே ஒவ்வொரு முறைமையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று சுவரில் ஆளியை அணைத்துச் சோதித்தேன். எம்விஎஸ் மீண்டும் ஏறியபோது, வரிசையில் காத்திருந்த வேலைகளை, வேலை வரிசையைக் கவனிக்கும் ஜெஸ்2 என்ற பகுதி, அவற்றைச் சேமித்து வைக்கும் தன் ஸ்பூல் வட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த புதிய தரவுத் தொகுதியின் (மெயின்பிரேமில் கோப்புக்கு வழங்கும் பெயர்) கதி வேறு. தொடர்வரிசைத் தொகுதி ஒன்றின் முடிவிடம், அதை முறைப்படி மூடும்போதுதான் வட்டின் உள்ளடக்கப் பட்டியலில் பதியப்படுகிறது. மூடாமல் மின் போனால், எழுதியது வட்டில் இருந்தாலும் அது எங்கே முடிகிறது என்று முறைமைக்குத் தெரியாது. நீண்ட வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியின் வெளியீட்டையும் மூடி வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போவது என்ற பழைய வழக்கத்தின் காரணத்தை வன்னியின் மின்தடையே விளக்கிவிடுகிறது.

ஹெர்குலிஸின் வட்டுப் படிமங்களிலும் கவனம் வேண்டும். சுருக்கிய படிமங்கள் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் திடீர் நிறுத்தத்துக்குப் பின் அவற்றை சிசிகேடிசிடிஎஸ்கே என்ற கருவியால் பரிசோதித்துவிட்டே திறக்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி எழுதப்படும் வட்டுகளைச் சுருக்காத வடிவுக்கு மாற்றிக்கொண்டேன். வகுப்புக்குப் பெரிதும் உதவியது நிழற்கோப்பு என்ற வசதி: மூல வரைபடத்தின் மேல் எண்ணெய்த்தாளை வைத்து வரைவதுபோல, மூலப் படிமம் தொடப்படாமல் இருக்க, மாற்றங்கள் எல்லாம் தனிக் கோப்பில் சேர்கின்றன. வகுப்பு முடிந்ததும் அந்தக் கோப்பை மூலத்தோடு சேர்க்கலாம், அல்லது சேர்க்காமல் விட்டுவிடலாம். முறைமையின் அடிப்படைத் தொகுதிகளையே பிள்ளைகள் அழித்துப் பார்க்கவும், அதன் விளைவைத் தாங்களே கண்டு திருத்த முயலவும் இதனால் துணிந்து விடமுடிகிறது.

விஎம்/370 பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை, ஆனால் அது என் மனத்தைக் கவர்ந்த முறைமை. 1972இல் ஐபிஎம் அறிவித்த இது, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழு இயந்திரம் தனக்கே தரப்பட்டிருப்பதாகக் காட்டுகிறது. இன்று மேகக் கணிமை என்று நாம் பேசும் மெய்நிகர் இயந்திரத்தை அரை நூற்றாண்டுக்கு முன் அப்படியே செய்துகாட்டியது. ஆர்வலர்கள் பராமரிக்கும் சமூகப் பதிப்பில் முழுத்திரையில் உரை திருத்தும் தொகுப்பியும் சி மொழித் தொகுப்பானும் சேர்ந்து வருகின்றன. ஒரு பிள்ளை தன் இயந்திரத்தை முடக்கினாலும் மற்றவரின் வேலை தடைப்படுவதில்லை என்பது வகுப்புக்குப் பெரிய ஆறுதல். மின் போன பிறகு ஏற்றும்போது அது கேட்கும் கேள்விக்கு வார்ம் என்று பதில் கொடுக்கக் கூடாது. அது ஒழுங்காக மூடிய பின் ஏற்றுவதற்கானது. சிகேபிடி என்று கொடுத்தால் ஸ்பூலில் இருந்தவற்றை மீட்டுக்கொண்டு எழுகிறது. இந்த ஒரு வரியைக் கணினிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

லினக்ஸ் பக்கம் வந்தால், முதலில் அல்மா 9ஐ ஹெர்குலிஸில் ஏற்றினேன். அது ரெட் ஹாட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9ஐப் பின்பற்றுவது. அந்த ரெட் ஹாட் 9க்கு 2017இல் வந்த இசட்14 அல்லது அதற்குப் பிந்திய இயந்திரம் தேவை. ஏற்றத் தொடங்கிய உடனேயே, இதைவிடப் புதிய செயலி வேண்டும் என்ற செய்தியும், இயந்திரத்தின் வகை எண்ணும், இல்லாத வசதிகளின் பட்டியலும் திரையில் வந்து நின்றன. என்னிடமிருந்த ஹெர்குலிஸ் பதிப்பின் எல்லை அது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்லி நிற்பது பாராட்டத்தக்கது. எதுவும் சொல்லாமல் உறைந்து நிற்கும் எத்தனையோ முறைமைகளை நாம் பார்த்திருக்கிறோம். அதே அல்மாவை கியூஎமுவின் புதிய பதிப்பு ஏற்றுக்கொள்கிறது.

ஹெர்குலிஸில் டெபியன் 11 ஏறியது. நிறுவல் மெதுவானது. வலையமைப்புப் பற்றிய கேள்விகளுக்கு வரிவரியான பணியகத்தில், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு புள்ளியிட்டு, விடை எழுத வேண்டும். அதன் பின் எஸ்எஸ்எச் என்ற வலைவழி இணைப்பு மூலம் உள்நுழைந்து மீதியைச் செய்யலாம். மெயின்பிரேமின் வட்டு எப்படிப்பட்டது என்பதை லினக்ஸ் பழகிய பிள்ளைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 3390 மாதிரி 3 வட்டில் 3,339 உருளைகள், உருளைக்கு 15 தடங்கள், தடத்துக்கு 56,664 பைட். பெருக்கினால் ஏறத்தாழ 2.84 ஜிபி வருகிறது. அதை டிஏஎஸ்டிஎஃப்எம்டி கட்டளையால் 4,096 பைட் கட்டங்களாக வடிவமைத்தால் ஒரு தடத்தில் 12 கட்டங்கள்தான் பிடிக்கின்றன. ஆகவே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2.46 ஜிபி. மீதி எங்கே போனது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்த்து, கட்டங்களுக்கிடையே இயந்திரம் விடும் இடைவெளியைக் கண்டுபிடித்தார்கள். கியூஎமுவில் வழக்கமாகத் தரப்படும் மெய்நிகர் வட்டில் இந்தப் பாடம் கிடைக்காது. அது வேகமானது, நிறுவ எளிது, அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதற்குள் நுழைந்து சில கட்டளைகளுக்குப் பின், வேறெந்த லினக்ஸ் கணினியிலிருந்தும் அது வேறுபட்டது என்பதே மறந்துபோகிறது.

தமிழ் என்ற சோதனையில் லினக்ஸ் மட்டுமே தேறியது. எம்விஎஸ் 3.8ஜேயின் எழுத்துக் குறிமுறையில் தமிழுக்கு இடம் இல்லை. விவசாயியின் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். எஸ்390எக்ஸ் டெபியனில் தமிழ் யுடிஎஃப்-8 என்னும் யூனிகோடு குறிமுறையில் சரியாக ஓடுகிறது, ஆனால் கோபோலின் புலங்கள் பைட் கணக்கில் அளக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெயருக்கு 20 என்று ஒதுக்கியிருந்த புலத்தில் வவுனியா கூட முழுதாக அடங்கவில்லை. அதில் 7 குறியீட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. கடைசிக் காலின் கடைசி பைட் வெட்டுப்பட்டு, வவுனிய என்பதன் பின்னால் ஓர் உடைந்த குறி நின்றது. கிளிநொச்சிக்கு 30 பைட் வேண்டும். புலத்தை 60 ஆக்கிய பின் பட்டியல் சரியாக வந்தது. இன்னொன்று: இந்த இயந்திரம் உயர் பைட்டை முதலில் வைப்பது, நம் மேசைக் கணினிகள் தாழ் பைட்டை முதலில் வைப்பவை. ஒரே தமிழ்க் கோப்பை ஐகான்வ் கட்டளையால் யுடிஎஃப்-16க்கு மாற்றியபோது, இரண்டு இயந்திரங்களிலும் பைட்டுகள் ஒன்றுக்கொன்று எதிர் வரிசையில் வந்தன. தமிழ் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல் பைட் வரிசையை நம்பி எழுதப்பட்டிருக்கிறதா என்று அறிய, இந்த எஸ்390எக்ஸ் டெபியன் வீட்டிலேயே வைத்திருக்கக்கூடிய நல்ல பரிசோதனைக் களம்.

இவ்வளவுக்கும் பின் எங்கள் கூடத்தில் அமைத்திருப்பது இது. எம்விஎஸ் 3.8ஜே ராஸ்பெரி பையில், மின்கல வங்கி ஒன்றின் துணையோடு, கூடம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அமர்வது அதன் முன்னால்தான். இயந்திரத்திடம் வேலையை ஒப்படைக்கும் வேலைக் கட்டுப்பாட்டு மொழியும், தரவுத் தொகுதியும், நின்றுபோன வேலையின் நினைவகப் பிரதியைப் படிப்பதும் கைவந்த பின் விஎம்/370. அதற்கடுத்ததாக மேசைக் கணினியில் ஹெர்குலிஸுக்குள் டெபியன் 11, வட்டு, தடம், சாதன எண் ஆகியவற்றைப் பழகுவதற்கு மட்டும். அன்றாட நிரல் வேலைக்குப் புதிய விநியோகங்களை கியூஎமுவில் வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து தொடங்கலாமே என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். அது எளிதான தொடக்கம் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்ததைத்தான் அங்கே மறுபடி காண்பார்கள், மெயின்பிரேமைக் காணமாட்டார்கள் என்பதால் நான் உடன்படவில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை இரண்டு. விஎம்/370இன் பயனர் அடைவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பெயரும் சிறுவட்டும் ஒதுக்கி எழுத வேண்டும். இப்போது சிலர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மற்றது காப்புப் பிரதி. எம்விஎஸை முறைப்படி நிறுத்தி, ஹெர்குலிஸையும் மூடிய பின்னரே வட்டுப் படிமங்கள் இருக்கும் அடைவைப் பிரதி எடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்த பிரதியை நம்ப முடியாது. எடுத்த பிரதியை வேறொரு மடிக்கணினியில் ஏற்றி, நெல் கணக்கு வேலையை ஓட்டி, ஊர்வாரி மொத்தம் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே பழைய பிரதியை அழிக்கிறோம்.